மறு: ரிவெர்புக்குத் தமிழ் – எதிரொலி வேண்டாமே

அன்பர்களுக்கு வணக்கம்.

வியாழக்கிழமை காலை கையேடு சிம்மக்கல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியில் பாட்டுப் பதிவு பழகும் ஒன்பது பிள்ளைகளுக்கான கையேடு அது. மற்ற சொற்களெல்லாம் ஒருவழியாக முடிந்தன. பாட்டு நின்ற பிறகும் அறையில் இழுபடும் ஒலியான ரிவெர்புக்குத் தமிழ்ச்சொல் மட்டும் நாற்பது மடலாக இழுக்கிறது.

> எதிரொலி என்று எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்க, புதுச்சொல் எதற்கு?

சிக்கலே அதுதான் ஐயா. எதிரொலி இரண்டாவது குரலாகத் தனியே காதில் விழும். அதற்கு ஒலி போய்த் திரும்ப ஏறத்தாழ 0.1 நொடியாவது ஆக வேண்டும். சுவர் 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எங்கள் அறை 10-க்கு 12 அடி. சுவரிலும் தரையிலும் தளத்திலும் பட்டு வருகிற ஒலிகள் பிரித்துக் கேட்க முடியாதபடி கலந்து, பாட்டோடு இழுபடுகின்றன. அதுதான் ரிவெர்ப்.

போன வாரம் ஒரு பெண் தாலாட்டுப் பாடினாள். மொசைக் தரை, கான்கிரீட் தளம். கை தட்டினால் ‘ட்ரிங்’ என்று இழுத்தது. “எக்கோ அடிக்குது சார், பிறகு சாஃப்ட்வேர்ல எடுத்துரலாம்” என்றான் ஒரு பையன். முழுக்க எடுக்க வராது. எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து அரிபடும். இலவம்பஞ்சு மெத்தையை அவள் முதுகுப்பக்கச் சுவரில் சாத்தினோம். ஜமுக்காளம் விரித்து, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்தோம். இப்போது கை தட்டினால் ‘டப்’ என்று நின்றது. மிக்ஸிங்கில் வேண்டிய அளவு ரிவெர்ப் நாமே போட்டுக்கொண்டோம். விலக்கியதும் அதுதான், சேர்த்ததும் அதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும்.

> கார்வை?

இனிமையான சொல். ஆனால் வகுப்பில் இருவர் நாகசுரம் பழகுகிறார்கள். அவர்களுக்குக் கார்வை என்றால் ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது. அந்தப் பொருளைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

> சிலம்பல். சிலம்புதல் ஒலித்தல், சிலம்பு மலையுமாகும். நம் அழகர்மலை நூபுர கங்கைக்குச் சிலம்பாறு என்றுதானே பெயர்?

மேலூர் அய்யா, படித்து மகிழ்ந்தேன். துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் நான்கையும் இசைப்பொருளில் வைக்கிறது தொல்காப்பிய உரியியல். சிலைத்தலைப் பிடித்தே இன்னும் பத்து மடல் எழுதலாம். ஆனால் சிலம்பல் என்றதும் பிள்ளைகளுக்குக் கம்பு சுற்றுவதுதான் நினைவுக்கு வரும். தவிர, மலையில் நாம் கேட்பது எதிரொலி.

> ரிவெர்ப் என்றே விடுங்கள் அண்ணே. சாஃப்ட்வேரில் அதுதானே இருக்கிறது?

பொத்தானைத் தேட அந்தச் சொல் போதும் தம்பி. மெத்தை எதற்கு என்று விளக்க அது உதவவில்லை.

எதிர்முழக்கம் இயற்பியலில் ஏற்கெனவே புழங்குகிறது. ஒலி 60 டெசிபெல் தணிய ஆகும் நேரத்தை ‘எதிர்முழக்க நேரம்’ என்றால் இடறாமல் நிற்கிறது. ஐந்து பேர் ஒப்பியிருக்கிறீர்கள். அதையே போடுகிறேன், முதல் முறை வரும்போது பக்கத்தில் ரிவெர்ப் என்றும் இருக்கும்.

*

மேலூரிலிருந்து:

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. எனக்கு உடன்பாடில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். தாலாட்டு ஓய்ந்தபின் அறையில் மிஞ்சும் மெல்லொலிக்கு முரசின் பெயரா? அடுத்த பதிப்புக்காவது சிலம்பலை எண்ணிப் பாருங்கள்.