பழைய 5.1 ரிசீவரோடு புதிய லேப்டாப்: பின்பக்க ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை

குளச்சல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு குளச்சல் பக்கம், அலைச் சத்தம் கேட்கிற தூரம்தான். அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது 2005-இல் ஒரு யமஹா ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்-ஊஃபர், அதாவது 5.1 செட், எல்லாம் வாங்கி கார்கோவில் போட்டு அனுப்பினார். பெட்டி வந்து இறங்கிய அன்று தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தார்கள். அதில் எச்டிஎம்ஐ கிடையாது. பின்னால் ஆப்டிக்கல் (ஒலியை ஒளியாக அனுப்பும் டிஜிட்டல் ஒயருக்கானது), கோஆக்சியல், அப்புறம் '6 சேனல் இன்புட்' என்று ஸ்பீக்கருக்கு ஒன்றாக ஆறு ஆர்சிஏ துளைகள் இருக்கின்றன.

கூட இருந்த டிவிடி பிளேயர் போன வருடம் ஓய்ந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் படம் பார்க்கிறோம். லேப்டாப்பில் இருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு, டிவியில் இருந்து ஆப்டிக்கல் ஒயர் ரிசீவருக்கு. சத்தம் முன்பக்கம் இரண்டு ஸ்பீக்கரிலும் சப்-ஊஃபரிலும் மட்டும்தான் வருகிறது. நடு ஸ்பீக்கரும் பின்பக்கம் இரண்டும் சும்மா இருக்கின்றன. டிவிடி பிளேயர் இருந்தபோது ரிசீவர் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று எரியும். இப்போது 'பிசிஎம்' என்று மட்டும் காட்டுகிறது. விண்டோஸில் ஸ்பீக்கர் செட்டப்புக்குப் போனால் ஸ்டீரியோ தவிர வேறு எதையும் தேர்வு செய்ய முடியவில்லை.

ஒரு கடையில் கேட்டேன். போர்டு போயிருக்கும், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு சவுண்ட்பார் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பாவும் 'போட்டும் மக்கா, பழசுதானே' என்கிறார். ஆனால் தினமும் காலையில் அதைத் துடைத்து துணி போட்டு மூடுவதும் அவர்தான். எனக்கு அதைக் கொடுக்க மனசில்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்பிசி எழுதியது:

எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று சின்னப் பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது. லேப்டாப்புக்கும் டிவிக்கும் நடுவில் போட்டால் ஆப்டிக்கல் தனியாக வரும். அதை வாங்குங்கள், சரியாகிவிடும்.

தக்கலை ஆம்ப் ரிப்பேர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த செட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். நான் தக்கலையில் 20 வருடத்துக்கு மேல் ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறேன். வளைகுடாவில் இருந்து வந்த இந்த மாதிரி செட்டுகள் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வரிசையாக என் பெஞ்சுக்கு வரும். பாதி செட்டில் ரிப்பேரே இருக்காது, கனெக்ஷன்தான் தப்பாக இருக்கும்.

எதையும் வாங்கும் முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். ரிசீவர் ரிமோட்டில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் மழை இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். அந்தச் சத்தத்தை ரிசீவரே உண்டாக்குகிறது, லேப்டாப்புக்கும் டிவிக்கும் அதில் வேலை இல்லை. ஐந்திலும் வந்தால் ரிசீவரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு அதற்கு முந்தின பக்கம். ஏதாவது ஒன்றில் வராவிட்டால் அந்த ஒயரையும் ஸ்பீக்கரையும் மட்டும் பார்த்தால் போதும்.

இனி அந்த 'பிசிஎம்' விஷயம். ஆப்டிக்கல் ஒயர் 1983-இல் டோஷிபா கொண்டுவந்தது, அவர்களுடைய சிடி பிளேயரை ரிசீவரோடு இணைப்பதற்காக. சிடி என்றால் இரண்டு சேனல். அதனால் சுருக்காத ஒலி, அதாவது பிசிஎம், அந்த வழியில் இரண்டு சேனல்தான் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் ஒரு சேனலுக்கு விநாடிக்கு 768 கிலோபிட். இரண்டுக்கு 1536. ஆறு சேனலுக்கு 4608 வேண்டும், இரண்டு சேனலுக்கென்று வகுத்த இந்த வழியில் அதற்கு இடமில்லை. டிவிடியில் வரும் டால்பி டிஜிட்டல் ஆறு சேனலையும் சேர்த்து 448 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடும். கதம்பையோடு ஏற்றினால் ஒரு லோடு ஆட்டோவில் கொஞ்சம் தேங்காய்தான் போகும், உரித்து ஏற்றினால் நிறையப் போகும், அந்த மாதிரி. காதுக்கு அவ்வளவாகத் தெரியாததைக் கழித்துவிட்டு அனுப்புகிறார்கள். ரிசீவர் அதை வாங்கி ஆறாகப் பிரிக்கிறது. முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று எரிந்தது அதனால்தான்.

உங்கள் டிவிடி பிளேயர் அந்தச் சுருக்கிய சரக்கை அப்படியே ரிசீவருக்குக் கடத்தியது. லேப்டாப் அப்படிச் செய்வதில்லை. படத்தில் உள்ள டால்பியை அதுவே பிரித்து, மெயில் வந்த மணிச் சத்தம் வரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பிசிஎம்மாக வெளியே விடுகிறது. அதோடு, எச்டிஎம்ஐ மாட்டியதும் டிவி லேப்டாப்பிடம் 'என்னிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர்' என்று சொல்லிவிடும். அதனால்தான் விண்டோஸில் ஸ்டீரியோ மட்டும் தெரிகிறது. போர்டு ஒன்றும் போகவில்லை.

எக்ஸ்ட்ராக்டர் பற்றி மேலே சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெட்டி பிசிஎம்மை டால்பியாக மாற்றாது. லேப்டாப் டால்பியாகவே அனுப்பினால் மட்டும் அதைப் பிரித்து ஆப்டிக்கலில் விடும். அதன் பக்கத்தில் 2 சேனல், 5.1, பாஸ் என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அதை 5.1-இல் வைக்க வேண்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

செலவே இல்லாத வழியை முதலில் பாருங்கள். டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் அவுட்புட்' பிசிஎம் என்று இருந்தால் ஆட்டோ அல்லது பிட்ஸ்ட்ரீம் (சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் விடுவது) என்று மாற்றுங்கள். அப்புறம் விஎல்சி பிளேயரில் பிரிஃபரன்ஸ், ஆடியோ, அங்கே 'பாஸ்த்ரூ' என்பதை ஆன் செய்யுங்கள், அப்போது லேப்டாப் டால்பியைப் பிரிக்காமல் அப்படியே கடத்தும். டால்பி டிஜிட்டல் உள்ள ஒரு படத்தைப் போடுங்கள். முகப்பில் எழுத்து மாறினால் காரியம் முடிந்தது. சில டிவிகள் எச்டிஎம்ஐ வழியாக வந்ததை ஆப்டிக்கலில் விடும்போது ஸ்டீரியோவாக்கித்தான் விடும். உங்களுடையது அப்படியென்றால் டிவியை நடுவில் இருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

குளச்சல்கரை எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரியே செய்து பார்த்தேன். டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் நடு ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. அப்பா பக்கத்து அறையில் இருந்து எழுந்து வந்துவிட்டார். பின்பக்கம் இடதிலும் வந்தது. வலதில் மட்டும் இல்லை.

டிவியில் ஆட்டோ என்று மாற்றினேன், விஎல்சியில் பாஸ்த்ரூ வைத்தேன். அப்போதும் முகப்பில் பிசிஎம்தான். டிவிதான் தடுக்கிறது போல. படத்துக்கு மட்டும் இல்லாமல் கேமுக்கும் 5.1 வேண்டும் என்று தம்பி கேட்கிறான். அந்த ஆறு ஆர்சிஏ துளையை உபயோகிக்க முடியுமா?

மார்த்தாண்டம்பிசி எழுதியது:

தக்கலை அண்ணன் சொன்னது எனக்கும் புதிய தகவல், நன்றி. ஆறு ஆர்சிஏ பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு, அதைச் சொல்கிறேன்.

யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். ஆனால் பென் டிரைவ் மாதிரி இருந்து '7.1' என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள். அதில் ஹெட்ஃபோன் துளை ஒன்றுதான் இருக்கும், 7.1 எல்லாம் சாஃப்ட்வேர் வித்தை. பெட்டி மாதிரி இருந்து ஸ்பீக்கருக்கென்று தனித்தனியாகக் குறைந்தது மூன்று துளைகள் இருக்க வேண்டும். ஆப்டிக்கல் அவுட்டும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், இரண்டு வழியும் கையில் இருக்கும்.

பச்சைத் துளை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்-ஊஃபருக்கும். ஒரு முனை 3.5 எம்எம், மறுமுனை இரண்டு ஆர்சிஏ உள்ள ஒயர் மூன்று போதும். ஆரஞ்சில் மட்டும் கவனம். நடுவும் சப்பும் மாறி வந்தால் வசனம் சப்-ஊஃபரில் குமுறும். அந்த இரண்டு ஆர்சிஏவையும் மாற்றிக் குத்தினால் சரி. விண்டோஸில் ஸ்பீக்கர் செட்டப்பில் 5.1 தேர்வு செய்து ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். இந்த வழியில் கேம், பாட்டு, படம் எல்லாமே ஆறு சேனலில் வரும், டால்பி தேவையில்லை.

தக்கலை ஆம்ப் ரிப்பேர் எழுதியது:

தம்பி சரியாகச் சொல்லிவிட்டார். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். 6 சேனல் இன்புட்டில் வருவதை ரிசீவர் பெரும்பாலும் தொடாமல் அப்படியே ஆம்புக்கு விட்டுவிடும். பேஸை, அதாவது அடித்தொனியை, சப்-ஊஃபருக்குத் திருப்புவது, ஸ்பீக்கரின் தூரத்துக்கு ஏற்ற டிலே (தாமதம்) வைப்பது இதெல்லாம் அங்கே நடக்காது. அதனால் படத்துக்கு அந்த யூஎஸ்பி பெட்டியின் ஆப்டிக்கல், கேமுக்கு ஆர்சிஏ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலது பின் ஸ்பீக்கரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென் பேட்டரி ஒன்றை அதன் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. கடற்கரை வீட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது ஒயர் முனையை. உப்புக் காற்றில் செம்பு பச்சையாகப் பூத்துவிடும், பார்வைக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் கரண்ட் போகாது.

குளச்சல்கரை எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பேட்டரி வைத்ததும் 'டப்' என்று கேட்டது. ஒயர் முனையைப் பார்த்தால் நீங்கள் சொன்ன அதே பச்சை. ஒரு அங்குலம் வெட்டி உள்ளே பார்த்தேன், அங்கேயும் கறுப்பு. நாலு அங்குலம் வெட்டிய பிறகுதான் செம்பு பளபளப்பாக வந்தது. ரிசீவரின் ஆர்சிஏ துளைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். குச்சி முழுக்க கறுத்துப் போனது. ஒயர் முனை எல்லாவற்றையும் அப்பாவே உட்கார்ந்து புதிதாக முறுக்கிக் கொடுத்தார்.

யூஎஸ்பி பெட்டி வந்தது. ஆறு ஆர்சிஏவும் மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது, மாட்டினால் வருகிறது. லேப்டாப் ஒரு சுவர் பிளக்கில், ரிசீவரும் டிவியும் வேறு சுவரில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டினேன். காதை வைத்தால் மட்டும் கேட்கிற அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆப்டிக்கலில் அந்த இரைச்சல் அறவே இல்லை.

ஆப்டிக்கலில் இன்னொரு சங்கடம் வந்தது. சில படங்களில் ஒலி டால்பியாக இல்லாமல் ஏஏசி என்ற வேறு சுருக்கு முறையில் 5.1 ஆக இருக்கிறது. பாஸ்த்ரூ வைத்தாலும் அது மட்டும் பிசிஎம்மாகத்தான் போகிறது. தேடியதில் கோடி என்ற இலவச பிளேயரில் வழி கிடைத்தது. செட்டிங்ஸ் லெவலை எக்ஸ்பர்ட் ஆக்கி, ஆடியோவில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, பாஸ்த்ரூவை அனுமதித்தால், 'டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்' என்று ஒன்று வரும். அதை ஆன் செய்தால் எந்த 5.1 ஆக இருந்தாலும் அதுவே டால்பியாகச் சுருக்கி அனுப்புகிறது. 2.0 என்பதைப் பார்த்து முதலில் பயந்தேன். அது ஒயரின் கணக்கு என்று நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தபோது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' எரிந்தது. அப்பா கிட்டப் போய்க் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, மஸ்கட்டில் இருந்து கொண்டுவந்த டிவிடிகளை எடுத்து மேசையில் அடுக்கிவிட்டார். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லை. வெளியே மாட்டுகிற யூஎஸ்பி டிரைவ் போதுமா அண்ணே?

தக்கலை ஆம்ப் ரிப்பேர் எழுதியது:

தாராளமாகப் போதும். டிவிடியை விஎல்சியில் பாஸ்த்ரூவோடு போடுங்கள், டால்பியோ, அதே மாதிரி இன்னொரு முறையான டிடிஎஸ்ஸோ, இருப்பது அப்படியே போகும். அந்த நேரம் லேப்டாப் வால்யூம் வேலை செய்யாது, ரிசீவர் ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். வளைகுடாவில் வாங்கிய டிவிடி வேறு ரீஜன் (எந்தப் பகுதி நாடுகளில் ஓடும் என்கிற எண்) ஆக இருக்கும். டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அடிக்கடி மாற்றாதீர்கள்.

இரைச்சலுக்காக சார்ஜரின் எர்த் பின்னை யாராவது ஒடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. ஐப்பசி இடி தொடங்கினால் ஸ்பைக் பஸ்டரை நம்பாமல் மெயின் பிளக்கைக் கழற்றுங்கள், டிவிக்கு வரும் கேபிள் ஒயரையும் சேர்த்து. என் பெஞ்சுக்கு இடி விழுந்து வருகிற செட்டில் பெரும்பாலானவற்றுக்கு அடி கேபிள் ஒயர் வழியாகத்தான் வந்திருக்கும்.