4×4 இன்டர்வெல் பயிற்சி: இதயச் செல் பெருகுகிறதா, பருக்கிறதா?

கேள்வி

4 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவாக, 4 சுற்று, வாரம் 3 நாள். இதில் இதயத்தசைச் செல்லின் எண்ணிக்கை கூடுமா, இருக்கிற செல்லே பருக்குமா? பருக்கும் என்றால், ரத்தக் கொதிப்பில் சுவர் தடிப்பதிலிருந்து இது எப்படி வேறு? சீரான ஓட்டத்தில் அது வராதா?

பதில் 1

பருக்கிறது. செல்லின் வயதைக் கணிக்க உதவும் கதிரியக்கக் கார்பன்-14 வைத்து 2009இல் போட்ட கணக்குப்படி, 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1% செல்தான் புதிதாகிறது. 75 வயதில் 0.45%. சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளில் புதுச் செல் கூடியதாக 2018இல் காட்டினார்கள். அதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது.

கொதிப்பில் சார்கோமியர்கள் (செல்லுக்குள் சுருங்கும் அலகுகள்) பக்கவாட்டில் அடுக்கப்பட்டு செல் தடிக்கும், இடையில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படியும், தந்துகிகள் (நுண் ரத்தக்குழாய்கள்) ஈடுகொடுக்காது. பயிற்சியில் ஐஜிஎஃப்-1, பிஐ3கே, ஏகேடி என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் புரதங்கள் வழியாகச் செல் நீளத்திலும் அகலத்திலும் வளரும், தந்துகிகளும் கூடவே வளரும். பயிற்சியை விட்டால் சில வாரங்களில் பெரும்பகுதி பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

பதில் 2

பருமனைவிட, செல்லைச் சுருங்க வைக்கும் கால்சியம்தான் முக்கியம் என்பேன். நாடி 180 என்றால் ஒரு துடிப்புக்கு 333 மில்லிசெகண்ட். அதற்குள் செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து கால்சியம் வெளியே வந்து, செல் சுருங்கி, கால்சியம் திரும்பக் கிடங்குக்குள் போயாக வேண்டும். மனிதச் செல்லில் சுமார் 70% கால்சியத்தை அப்படி உள்ளே இழுப்பது செர்கா 2ஏ என்ற புரதப் பம்ப். அது மந்தமானால் தசை முழுதாகத் தளராது, அறை நிரம்பாது. தீவிரப் பயிற்சி இந்தப் பம்பைத்தான் கூட்டுகிறது.

சீரான ஓட்டத்திலும் மாற்றம் வரும், ஆனால் குறைவாக. 2005 எலி ஆய்வில் 10 வாரத்துக்குப் பின் செல் நீளம் தீவிரக் குழுவில் 14% கூடியது, மிதக் குழுவில் 5%. ரத்தக்குழாய் உட்சுவருக்கு மட்டும் இரண்டிலும் பலன் ஒன்றே.

பதில் 3

எலியைப் பெல்ட்டில் ஓட வைக்கலாம், மனிதர் ஏமாற்றுவார். 2007இல் 27 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் 4×4 பிரமாதமாக வேலை செய்தது. 2017இல் 261 பேரிடம் பார்த்தபோது மிதப் பயிற்சியை மிஞ்சவில்லை. தீவிரக் குழுவில் பாதிப்பேர் குறித்த நாடிக்குக் கீழேயே நின்றார்கள், மிதக் குழுவில் பெரும்பாலோர் மேலே போய்விட்டார்கள்!

10 நிமிடம் வார்ம்-அப். பிறகு உச்ச நாடியில் 85–95%, இடையில் 60–70%. நாடி அந்த அளவுக்கு ஏறவே ஒன்றரை, இரண்டு நிமிடம் பிடிக்கும். அதைத் துரத்தி முதல் சுற்றிலேயே வேகம் எடுத்தால் மூன்றாவதில் கால் கனத்து, நாடி இறங்கிவிடும். மணிக்கட்டு வாட்ச் பின்தங்கும். நாடி அளக்கும் நெஞ்சுப் பட்டை நல்லது.

கேட்டவர்

நன்றி சார். பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) எடுப்பவருக்கு?

பதில் 3

உச்ச நாடிக்கு வழக்கமாகப் போடும் 220 கழித்தல் வயது கணக்கு செல்லாது, மருந்து உச்சத்தையே இறக்கிவிடும். மாத்திரை போட்ட நிலையிலேயே டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, வந்த உச்சத்தில் 85–95% போடுங்கள். இல்லையென்றால் போர்க் அளவுகோலில் (எவ்வளவு கடினம் என்று நீங்களே 6 முதல் 20 வரை போடும் மதிப்பெண்) 15–17: ஒரு சிறு வாக்கியத்துக்கு மேல் பேச முடியாத மூச்சு. நெஞ்சிறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கடும் பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் ட்ரோபோனின் (இதயத்தசைப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்தால் ஆரோக்கியமானவருக்கும் கூடுதலாகக் காட்டலாம். எப்போது ஓடினார் என்பதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.