இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா? செடியை இனம் பிரிக்கப் போய் ஏமாந்த கதைகள்

ஊட்டிக் குளிர்:

முதுகலை முதலாண்டில் எங்களை ஊட்டிக்குக் கூட்டிப்போனார்கள். ஜனவரி மாதம். தொட்டபெட்டா பக்கம் சோலை ஓரத்தில் காட்டுப்பூவரசு பூத்திருந்தது. பூ ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாக, மரமோ கூன் விழுந்த கிழவர் மாதிரி முறுக்கிக்கொண்டு. வாத்தியார் இது என்ன என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் ரோடோடெண்ட்ரான் என்றோம். அதில் தப்பே வராது, ஆயிரம் சிற்றினங்கள் வரைக்கும் உள்ள பேரினம் அது, தென்னிந்திய மலைகளில் தானாக வளர்வது இந்த ஒன்றுதான். "சரி, என்ன சிற்றினம்?" என்றார். பாதிப் பேர் நீலகிரிகம், பாதிப் பேர் ஆர்போரியம். அவர் பதில் சொல்லவில்லை. கீழே கிடந்த இலையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடிப்புறம் முழுக்கத் துருப்பிடித்த தகரம் மாதிரிப் பழுப்பு, தொட்டால் மெத்தென்று ரோமம். "இதை ஞாபகம் வெச்சுக்கோ, எப்பவாவது இமயமலை போனா அங்கயும் திருப்பிப் பாரு."

நாலு வருஷம் கழித்து உத்தராகண்டில் சோப்தாவிலிருந்து துங்கநாத் ஏறும்போது அதே பூ. அங்கே அதற்குப் புரான்ஷ் என்று பெயர், மாநில மரமே அதுதான், வழியெல்லாம் அந்தப் பூவில் சாறு எடுத்து விற்கிறார்கள். சர்பத்தைக் கூடக் குடிக்காமல் முதலில் இலையைத் திருப்பினேன். வெள்ளி! அலுமினியத் தாள் ஒட்டிய மாதிரி வெளுப்பு. அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, வாத்தியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், ரெண்டும் வேற வேற, வடக்கே வெள்ளி, தெற்கே பழுப்பு, முடிஞ்சுது" என்றேன். அவர், "எத்தனை மரம் பார்த்தே?" என்றார். ஆறு. "ஆறு மரம் பார்த்துட்டு இமயமலையையே முடிச்சிட்டியா?"

அதன்பிறகு ஒரு ஹெர்பேரியத்தில் உட்கார்ந்து உலர்த்திய மாதிரிகளை ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்டினேன். நேபாளத்திலிருந்து கிழக்கே போகப் போக இமயமலையிலேயே பழுப்பு அடிப்புறம் வருகிறது, அதை சின்னமோமியம் என்று தனியாக ஒரு துணைச் சிற்றினமாக வைத்திருக்கிறார்கள். ஆக "பழுப்பு என்றால் தெற்கு" என்ற என் சூத்திரம் அன்றைக்கே செத்தது. பூ நிறத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அது இன்னும் மோசம், நேபாளத்தில் மலையடிவாரத்தில் சிவப்பு, மேலே ஏறினால் இளஞ்சிவப்பு, அதற்கும் மேலே வெள்ளை என்று ஒரே மலைச்சரிவில் மாறிக்கொண்டே போகிறது, எங்கே கோடு போடுவது?

மிச்சம் இருப்பது தூரம். நீலகிரிக்கும் உத்தராகண்டின் கட்வால் மலைக்கும் நடுவில் 2000 கிலோமீட்டருக்கு மேல், அத்தனை தூரத்துக்கு இந்த மரம் இருக்கிற மலையே கிடையாது. பனியுகக் குளிரில் இந்தக் குளிர்ப்பிரதேசத் தாவரங்கள் தெற்கே இறங்கி, பிறகு வெப்பம் ஏறியதும் மலை உச்சிகளில் மட்டும் ஒதுங்கி நின்றுவிட்டன என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம். மகரந்தம் போக்குவரத்து இல்லாமல் அத்தனை காலம் பிரிந்து நின்றதைத் தனிச் சிற்றினம் என்பதா, ஒரே சிற்றினத்தின் தெற்குக் கிளை என்பதா? இன்றைக்கும் இரண்டு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. என் கட்சி துணைச் சிற்றினம்தான். ஆர்போரியத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது நீலகிரியை மட்டும் தனிக்குடித்தனம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கு இப்படி ஏமாந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

வேலிக்காந்தள்:

அண்ணா, நான் தாவரவியல் எல்லாம் படிக்கவில்லை, ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் மாமா கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள், போட்டிருந்தார், காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிற வேலைக்கு விடுமுறையில் என்னையும் இழுத்துவிடுவார். முதல் நாள், "மாமா, இதுல மஞ்சள் ரகம், சிவப்பு ரகம் ரெண்டு கலந்திருக்கே" என்று பெரிய மேதை மாதிரிச் சொன்னேன். அவர் ஒரு மஞ்சள் பூவின் காம்பில் நூல் கட்டிவிட்டு, தினமும் வந்து பார் என்றார். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, சில நாளில் முழுச் சிவப்பு. ஒரே பூ! பெரிய பெரிய ஆட்களும் இந்தப் பூவிடம் திணறியிருக்கிறார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. லின்னேயஸ் 1753இல் குளோரியோசா சுபெர்பா என்று பெயர் வைத்தார், அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடிகளுக்கு சிம்ப்ளக்ஸ், ரோத்சைல்டியானா என்றெல்லாம் தனித்தனிப் பெயர், பிற்பாடு பலர் அவற்றை மறுபடி சுபெர்பாவுக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். நம் மாநில மலர்தான் ஜிம்பாப்வேக்குத் தேசிய மலர்.

உப்பங்கழி:

உங்களுக்குப் பிரிக்க முடியாத பிரச்சினை, எங்களுக்குச் சேர்க்க முடியாத பிரச்சினை. பிச்சாவரத்தில் படகு போகும் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் சுரபுன்னையில் இரண்டு சிற்றினங்கள். அபிகுலாட்டாவில் பூ இரண்டிரண்டாக வரும், காம்பு குட்டை. முக்ரோனேட்டாவில் இலை அகலம், நுனியில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பூங்கொத்தும் பெரிது. இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு படகில் உட்கார்ந்து மரம் மரமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டேன். இலை முக்ரோனேட்டா மாதிரி, பூங்கொத்தைப் பார்த்தால் இரண்டிலும் சேரவில்லை. குறிப்பேட்டில் அபிகுலாட்டா என்று எழுதி, அடித்து, முக்ரோனேட்டா என்று எழுதி, அதையும் அடித்தேன். படகுக்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அது ரெண்டுங்கெட்டான் தம்பி, அதுல காய் பிடிக்காது" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. 1995இல் அதை ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று, பக்கத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேரால், புதிய சிற்றினமாகவே விவரித்தார்கள். பிறகு மரபணு அடையாளங்களை ஒப்பிட்டபோது அந்த இரண்டும் கலந்து பிறந்த கலப்பினம் என்று தெரிந்தது, அதனால்தான் இப்போது பெயருக்கு நடுவில் பெருக்கல் குறி போடுகிறார்கள். இரண்டு பெற்றோரும் நிற்கிற இடத்தில்தான் பிள்ளையும் நிற்கும். அந்த மரம் எங்கே, யாருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதை நான் முதலில் பார்த்திருந்தால் குறிப்பேட்டில் இரண்டு பெயரை அடித்திருக்க மாட்டேன்.

மலைத்தேன்:

எல்லோரும் அழகாகச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் திட்டிவிட்டுப் போகிறேன். மலையில் ஊதாவாக எது பூத்தாலும் படம் எடுத்து நீலக்குறிஞ்சி என்று போடுகிறார்கள், வருஷா வருஷம்! நிஜ நீலக்குறிஞ்சி, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, மூணாறில் 2006இல் பூத்தது, அடுத்தது 2018. நடுவில் பூக்கிறதெல்லாம் பெரும்பாலும் அதே பேரினத்தின் வேறு சிற்றினங்கள், சில ஆண்டுதோறும் பூக்கும், சிலவற்றுக்குச் சுற்று வேறு. மலைக்கு மலை குந்தியானாவின் கணக்கே தள்ளிப்போகிறது என்பதும் உண்மை, ஆனால் அதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் குறிஞ்சி ஆக்கிவிடக் கூடாது.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பூ இல்லாமல் இந்தப் பேரினத்தைப் பிரிப்பது பெரும்பாடு, பூவோ எப்போதாவதுதான் வரும். அதனால் ஹெர்பேரியத்தில் மாதிரிகள் பூத்த வருஷங்களில் குவியலாக வரும், மற்ற வருஷங்களில் ஒன்றும் இருக்காது. பழைய ஷீட்டுகளின் மூலையில் எழுதிய தேதிகளைக் கூட்டிக் கழித்துத்தான் பல சிற்றினங்களின் சுற்றையே கண்டுபிடித்தார்கள். தேதியும் இடமும் எழுதாத மாதிரியைக் குப்பையில் போடலாம். உங்கள் படங்களுக்கும் அதேதான்.

மலையகத்தான்:

ஊட்டிக் குளிர் அண்ணா, உங்கட மரம் எங்களிடமும் நிற்கிறது. இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளிப் புல்வெளியில், 2100 மீற்றர் உயரத்தில். சிங்களத்தில் மஹ ரத்மல், பெரிய சிவப்புப் பூ என்று அர்த்தம். இதை ஆர்போரியத்தின் சைலானிக்கம் என்ற துணைச் சிற்றினமாக வைத்திருக்கிறார்கள். இலை மேற்புறம் கொப்புளம் கொப்புளமாகச் சொரசொரப்பாக இருக்கும், ஓரம் உள்ளுக்குச் சுருண்டிருக்கும். எனக்கு ஒரு சந்தேகம். அங்கே அடிக்கிற காற்றுக்கு நானே சுருண்டுதான் நிற்பேன். இலை சுருண்டது இனத்தாலா, காற்றாலா?

வேலிக்காந்தள்:

நல்ல கேள்வி. எங்கள் வீட்டு வல்லாரையை வாய்க்கால் ஓரத்திலிருந்து பிடுங்கி வந்தபோது இலை உள்ளங்கை அகலம், நீளக் காம்பு. மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் வைத்ததும் புது இலை ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் வந்தது. அதே செடி!

ஊட்டிக் குளிர்:

மலையகத்தான், இதற்கு ஒரே வழி இரண்டையும் ஒரே இடத்தில் நட்டுப் பார்ப்பது. கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி என்ற மூன்று பேர் 1940களில் இதைத்தான் செய்தார்கள். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில், 1400 மீட்டரில் ஒன்று, 3050 மீட்டரில் ஒன்று என்று மூன்று தோட்டம் போட்டு, வெவ்வேறு உயரத்திலிருந்து எடுத்த அக்கிலியா செடிகளை மூன்றிலும் நட்டார்கள். மலை உச்சிக் குட்டைச் செடி கீழே வந்தும் குட்டையாகவே நின்றது. உயரம் கொஞ்சம் கூடலாம் குறையலாம், ஆனால் பிறப்பு மாறவில்லை. வல்லாரைக் கதை வேறு, அது இடத்துக்கு ஏற்ப ஆடும் குணம். ஒரே செடியில் இரண்டு வகைக் குணமும் இருக்கும், எது எது என்று பிரிப்பதில்தான் பாதி வாழ்க்கை போகிறது.

உங்கள் சைலானிக்கத்தை இங்கிலாந்துத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள், அங்கேயும் இலை அதே கொப்புளத்தோடுதான் வருகிறது. அதனால் காற்றின் மேல் பழி போட வேண்டாம். ஆனாலும் மேடு, பள்ளம் இரண்டிலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன். பறிக்க வேண்டாம், தேசியப் பூங்கா, மரத்திலேயே திருப்பிப் பாருங்கள்.

மலையகத்தான்:

போன ஞாயிறு போய் வந்தேன். காற்றுப் படாத பள்ளத்தில் நின்ற மரத்தில் இலை பெரிது, மேட்டு மரத்தில் பாதி அளவு. ஓரச் சுருளும் கொப்புளமும் இரண்டிலும் இருந்தன. அடிப்புறம் பார்க்கத்தான் ஒரு மணித்தியாலம் மழைக்குள் நின்றேன், ரோமம் முழுக்க நனைந்து நிறமே விளங்கவில்லை. வெயில் வந்தால் மறுபடி போக வேண்டும்.