இந்தத் தலைவெட்டிக் கோடரி கலிங்காவா, திங்கியனா?

போன வருடம் பிலிப்பைன்ஸின் பாகியோவில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கியது, அந்நாட்டின் வடக்கு மலைவாழ் மக்களில் எவருடையது என்று இன்னும் பிடிபடவில்லை. மொத்த நீளம் 46 செ.மீ., வெட்டும் விளிம்பு பிறை போல உள்வாங்கியிருக்கிறது, பின்பக்கம் பறவை அலகு போல மெல்லிய நீளக் கூர்முனை, மரப்பிடியில் கை நழுவாமலிருக்க ஒரு சின்னக் கொம்பு, தலைப்பில் இரும்புப் பூண். கடைக்காரர் இஃபுகாவ் என்றார், அவர் கடையில் எல்லாமே இஃபுகாவ்தான். அப்புறம் அருங்காட்சியகப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இன்னொரு மலை மக்களான போன்டாக்கின் கோடரியில் வெட்டும் தகடு அகலம், பின்பக்கக் கூர்முனை குட்டை, அதனால் அதுவும் இல்லை. மிச்சம் கலிங்காவும் அப்ரா மாகாணத்தின் திங்கியனும், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. முத்திரை எதுவும் இல்லை, துருவைத் தொடவில்லை. பிடியையோ பூணையோ வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியுமா?