புதுப்பிப்பு: பிசிஓஎஸ் இருந்தும் கருமுட்டை உறைய வைத்தாகிவிட்டது

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி எனும் ஹார்மோன் கோளாறு) உள்ள எனக்கு, கருமுட்டை எடுக்கும்போது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்துவிடுமோ என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, 'முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசியாக, எச்சிஜி ஹார்மோனுக்குப் பதில் அந்த ஆபத்து குறைவான லூப்ரோலைடு மருந்து போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்' என்ற யோசனைதான். இப்போதைக்குக் கருப்பையில் கரு வைக்கப்போவதில்லை என்பதால் அவரும் சரி என்றார். இரவு 10 மணிக்குக் கடைசி ஊசி, 36 மணி நேரம் கழித்து முட்டை எடுத்தார்கள். லேசான உப்புசம்தான், மூன்றே நாளில் வடிந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: எடுத்தது 19, ஆனால் முதிர்ந்தவை 13தான்; அவற்றை மட்டுமே உறைய வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் 19 என்று கேட்டுப் பூரித்துப்போய், மாலை போனில் 13 என்றதும் அழுதேவிட்டேன். இனி இதைத் தேடி வருபவர்கள் அந்த இரண்டாவது எண்ணிக்கை வரும்வரை பொறுத்திருங்கள்.