மறு: வானத்தில் தெரியும் 'அது': முன்பள்ளிப் படத்தாள்களுக்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

அனுப்பியவர்: முன்பள்ளி ஆசிரியை, கொட்டகலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு படத்தாள் தொகுதி தயாரிக்கிறோம். கோடுகள் மட்டும் அச்சில் இருக்கும், நிறம் பிள்ளைகளுடையது. சிறுவர் அபிவிருத்தி நிலையங்களில் இருக்கும் மூன்று வயதுக்காரர் முதல் தரம் 2 வரை பயன்பட வேண்டும். விலங்குகளும் பழங்களும் வாகனங்களும் முடிந்தன. அடுத்தது வானம். அதில் யூஎஃப்ஓ (UFO, வானில் தெரிந்தும் என்னவென்று அறியப்படாதது) பற்றிச் சில தாள்கள் வருகின்றன, பிள்ளைகளே கேட்டார்கள்.

தலைப்பில் என்ன எழுதுவது? 'பறக்கும் தட்டு' போதுமா? 'அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்' என்பது தரம் 1 பிள்ளையின் வாயில் நுழையாது. இன்னொன்றும் உண்டு. இந்தத் தாளை நாங்கள் எல்லாரும் 'கலர் அடிக்கிற பேப்பர்' என்றுதான் சொல்கிறோம். பேச்சில் அது இருக்கட்டும். அச்சில் போட ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கண்டி

மகள், நல்ல வேலை செய்கிறீர்கள்.

'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியிருக்கிறார். ஓட்டுநர் இல்லாமல் வானில் செல்லும் ஊர்தி. இதைவிடப் பழமையும் பொருத்தமும் உள்ள சொல் எங்கே கிடைக்கும்? 'வானூர்தி' விமானத்துக்குப் போய்விட்டதால், 'ஏவா ஊர்தி' என்று சுருக்கலாம். அது வேண்டாம் என்றால் 'இனந்தெரியாப் பறபொருள்' என்பது நேர்ப்பொருள் தரும்.

---

அனுப்பியவர்: படத்தாள் வடிவமைப்பில் உதவுபவர், பண்டாரவளை

சேர், டீச்சர், இருவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> வலவன் ஏவா வான ஊர்தி

எனக்கும் மிகப் பிடித்த அடி. ஆனால் 'ஊர்தி' என்று எழுதியதுமே விடையைச் சொல்லிவிடுகிறோம். ஊர்தி என்றால் யாரோ செய்தது, எங்கிருந்தோ வருவது. அதிலும் சாத்தனாரின் ஊர்தி போகுமிடம் தெரிந்த ஊர்தி. புலவர் பாடும் புகழுடையோர் தம் வினை முடித்து ஏறிச் செல்வது. நமக்கு வேண்டியதோ, என்னவென்றே இன்னும் தெரியாத ஒன்றின் பெயர். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையின் ருப்பெல்ட் என்ற அதிகாரி யூஎஃப்ஓ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். எல்லா வடிவத்திலும் எல்லா விதமாகவும் தெரிபவற்றைத் 'தட்டு' என்று சொல்வது பிழை என்று அவர் நினைத்தார்.

> 'பறக்கும் தட்டு' போதுமா?

அந்தத் தட்டு எப்படி வந்தது என்று பாருங்கள். 1947 ஜூன் 24 அன்று கெனத் ஆர்னல்ட் என்ற விமானி, அமெரிக்காவின் ரெய்னியர் மலைப்பக்கம் ஒன்பது பொருள்கள் விரைவாகப் போவதைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீரின் மேல் வீசிய தட்டு தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் அதையே வடிவமாக்கிவிட்டன. அவர் வரைந்து கொடுத்த படத்தில் இருந்தது முன்பக்கம் வளைந்து பின்பக்கம் ஒடுங்கிய ஓர் உரு, வட்டத் தட்டு இல்லை. ஆனாலும் இன்றைக்கும் யாரிடம் பென்சிலைக் கொடுத்தாலும் தட்டும் அதன்மேல் ஒரு குமிழும்தான் வருகிறது. பெரியவர்களின் கையையே ஒரு சொல் இப்படிப் பிடித்து இழுக்குமானால், நான்கு வயதுப் பிள்ளையின் கையை விட்டுவைக்குமா?

அதே 1947இல்தான் சித்திரக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். நிறந்தீட்டும் புத்தகங்கள் பிள்ளையின் ஆக்கத்திறனைக் குறைக்கும் என்பது அவர் கருத்து. யாரோ வரைந்த பறவைக்கு நிறம் கொடுத்துப் பழகிய பிள்ளை, 'எனக்குப் பறவை வரையத் தெரியாது' என்று சொல்லத் தொடங்கிவிடும் என்று அஞ்சினார். அவர் சொன்னதை நான் முழுதாக ஏற்கவில்லை. கோட்டுக்குள் நிறம் நிரப்பும்போது விரல்களுக்குப் பிடி வருகிறது, கண்ணும் கையும் ஒத்துப் போகின்றன. பென்சில் பிடிக்கவே பழகாத பிள்ளைக்கு அது தேவை. ஆனால் யூஎஃப்ஓ விடயத்தில் லோவன்ஃபெல்ட் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். பறவைக்காவது உண்மையில் ஓர் உருவம் உண்டு. என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு நாமே கோடு போட்டுக் கொடுத்தால், பிள்ளைக்கு யோசிக்க மிஞ்சுவது என்ன?

> இனந்தெரியாப் பறபொருள்

சேர், இதை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் நாட்டுப் பத்திரிகைத் தமிழில் 'இனந்தெரியாத' என்ற சொல்லுக்கு அடுத்து வருவது 'நபர்கள்'. அதற்கு அடுத்து என்ன வரும் என்று நம் வயதுக்காரர் எல்லாருக்கும் தெரியும். 'அடையாளம் காணப்படாத' என்பதை அடுத்து வருவது 'சடலம்'. சொல்லகராதியில் இவற்றுக்குக் குற்றமில்லை. ஆனால் தாள் பிள்ளையோடு வீட்டுக்குப் போகும். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசலில் பாட்டி அதை வாசிப்பார். 1948இல் பிரஜாவுரிமை இழந்து, அடையாள அட்டைக்காகப் பல்லாண்டு அலைந்த சமூகம் நாம். அந்தச் சொற்களை ஒரு விளையாட்டுத் தாளின் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு: வான்புதிர்.

ஊர்தி, தட்டு, வேற்றுக்கோள் வாசி எதையும் இது முன்கூட்டிச் சொல்லவில்லை. 'பறக்கும்' என்பதும் இதில் இல்லை, அதுவும் நல்லதே. வானில் தெரிபவை எல்லாம் பறப்பவை அல்ல. ஆங்கிலத்திலேயே அரச அறிக்கைகள் இப்போது 'பறக்கும் பொருள்' என்பதை விட்டுவிட்டு, நம் பாடநூல் தமிழில் 'தோற்றப்பாடு' என்போமே, அந்தக் கருத்துக்கு மாறிவிட்டன. 2023 செப்டெம்பரில் வந்த நாசா குழுவின் அறிக்கையும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. அவை வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறது. 'வான்பொருள்' என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். கோள்களுக்கும் விண்மீன்களுக்கும் அது ஏற்கனவே வழங்குகிறது.

'பறக்கும் தட்டு' என்பதை ஒழிக்கச் சொல்லவில்லை. அது ஒரு வடிவத்தின் பெயராக இருக்கட்டும். வான்புதிர் என்பது கேள்வி, பறக்கும் தட்டு அதற்கு ஒருவர் சொல்லிப் பார்க்கும் விடை. பிள்ளை தட்டு வரைந்தால் தட்டு. குடை வரைந்தால் குடை.

மலைநாட்டுப் பிள்ளைக்கு இதற்கான பொருள் கண்முன்னே கிடக்கிறது. அம்மா பிரட்டுக்கு (தோட்டத்தில் காலை வேலைப் பதிவுக்கு) கிளம்பும் நேரத்தில் கிழக்கே எரியும் விடிவெள்ளி, உலகெங்கும் யூஎஃப்ஓ என்று பலமுறை முறையிடப்பட்ட வெள்ளிக் கோள்தான். மலையைத் தாண்டும் காற்று அலையாக மேலெழும்போது நீராவி குளிர்ந்து முகிலாகும், இறங்கும்போது கரையும். காற்று ஓடிக்கொண்டே இருக்க, முகில் மட்டும் ஒரே இடத்தில் வில்லை போல நிற்கும். இந்த வில்லை முகிலைக் கண்டு ஏமாந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பக்கமிருந்து இரவில் பாருங்கள். மலை இருளில் மறைந்து, படிக்கட்டு விளக்குகள் மட்டும் வானத்தில் தொங்கும். வெசாக் காலத்தில் மேலே விடும் காகித விளக்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே தாளின் வடிவத்தையும் மாற்றலாம் என்கிறேன். கீழே மலை, தேயிலைச் செடிகள், லயத்துக் கூரை, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை). இவற்றுக்குக் கோடு இருக்கட்டும், கை பழக அது போதும். மேலே வானம் வெறுமையாக இருக்கட்டும். வான்புதிரைப் பிள்ளையே வரையட்டும். பனிமூட்டத்துக்கு எந்த நிறம் என்பதையும் அதுவே முடிவு செய்யட்டும். சாம்பலா, வெள்ளையா, நீலமா என்று அங்கே நல்ல பேச்சு நடக்கும். ஒளிப்பிரதி எடுக்க மையும் குறைவு.

---

அனுப்பியவர்: ஆரம்பப் பிரிவு ஆசிரியை, நுவரெலியா (ஊர் மட்டக்களப்பு)

அண்ணா, சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு விடயம்.

எங்கள் ஊரில் 'புதிர்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது புதிர் எடுத்தல். தைப்பூசத்துக்குப் புதுநெல் கொண்டுவந்து சமைப்பது. யாழ்ப்பாணத்திலும் அப்படியே. குழப்பம் வராது என்றாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். இன்னொன்று, புதிர் என்றால் யாரோ போட்டது, அதற்கு விடை ஒன்று நிச்சயம் இருக்கும். யூஎஃப்ஓவுக்கு அப்படியா?

தாளின் பெயருக்கு வருகிறேன். 'தீட்டுதாள்' என்று ஒருவர் எனக்குத் தனியே எழுதியிருந்தார். இலக்கணப்படி அழகான வினைத்தொகை. ஆனால் தீட்டு என்ற பெயர்ச்சொல்லை வீட்டில் எதற்குச் சொல்கிறோம் என்று யோசியுங்கள். அம்மாமார் முகம் சுளிப்பார்கள். 'வர்ணத்தாள்' கைப்பணிக்கு வாங்கும் நிறக் காகிதம், கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கோலமிடுகிறோம், பொட்டிடுகிறோம். அந்த வழியில் நிறமிடு படம் என்றால் என்ன? நிறம் இனிமேல்தான் வரும் என்பதும் அதில் இருக்கிறது.

---

அனுப்பியவர்: பண்டாரவளை

தங்கச்சி, 'நிறமிடு படம்' எனக்கு முழுச் சம்மதம்.

விடை பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. 1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை திரட்டிய முறைப்பாடுகள் 12,618. விளக்கம் கிடைக்காமல் எஞ்சியவை 701. மற்றவை கோள், முகில், பலூன், விமானம் என்று ஏதோ ஒன்றாக முடிந்தன. அதனால்தான் 'மர்மம்' என்று வைக்காமல் 'புதிர்' என்று வைத்தேன். மர்மம் என்றால் பிள்ளை பயந்து கண்ணை மூடும். புதிர் என்றால் விடுவிக்கப் பார்க்கும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். புதிர் எடுத்தலைப் பொறுத்தவரை, 'வான்' முன்னால் நிற்பதால் மயக்கம் வராது.

---

அனுப்பியவர்: கண்டி

'ஊர்தி' பற்றிச் சொன்னது சரி. என் முன்மொழிவை விலக்கிக்கொள்கிறேன். வான்புதிர் என்று சேர்த்தே எழுதுங்கள், இடைவெளி வேண்டாம். பன்மை வான்புதிர்கள். 'நிறமிடு படம்' பிரித்தே இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும்.

---

அனுப்பியவர்: கொட்டகலை

அனைவருக்கும் நன்றி. முதல் தாளின் வாசகத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:

நிறமிடு படம்: வான்புதிர்
மலைக்கு மேலே ஏதோ தெரிகிறது. அது என்ன?
வரையுங்கள். நிறம் கொடுங்கள். நண்பருக்குச் சொல்லுங்கள்.

பின்பக்கத்தில் ஆசிரியருக்கான குறிப்பாக விடிவெள்ளி, வில்லை முகில், மலை விளக்குகள் மூன்றையும் போடுகிறேன். பிள்ளை வரைந்து முடித்த பிறகே அதை வாசிக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருக்கும். தலைப்பின் எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள், ஒளிப்பிரதிக்குக் கொடுத்துவிடுகிறேன்.