பென் டிரைவ் இல்லாமல் பழைய லேப்டாப்பில் ஓஎஸ் (இயங்குதளம்) போட முடியுமா?

அப்பாவின் பழைய லேப்டாப். விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ராம். டிவிடி தட்டு வெளியே வருவதாக இல்லை. யூஎஸ்பியில் மவுஸ் ஓடுகிறது, பென் டிரைவை மட்டும் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) கண்டுகொள்வதே இல்லை. விண்டோஸ் திறக்க ஆறு நிமிடம். அதற்குள் அப்பா இரண்டு முறை பவர் பட்டனை அமுக்கிவிடுகிறார். வேறு வழி உண்டா?

பதில் 1:
விண்டோஸ் திறக்கிறதல்லவா, விண்டோஸ் 10-இன் ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்புகள் அடங்கிய ஒரே பெரிய கோப்பு) 7-ஜிப் என்ற மென்பொருளில் பிரித்து உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். 32 பிட்டிலிருந்து 64 பிட் செட்டப் ஓடாது, கவனம். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவே 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 2 ஜிபிக்கு விண்டோஸுக்கு மாற்றான, எடை குறைந்த லினக்ஸ் ஓஎஸ்தான் சரி.

பதில் 2:
ஹார்டு டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி அங்கேயே லினக்ஸை நிறுவுங்கள். முதலில் அப்பாவின் கோப்புகளை நகல் எடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கைக் கழற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பூட்லோடர் (ஓஎஸ்ஸைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல்) இடம் மாறி அந்த டிஸ்கில் போய் உட்காரும். (நான் பட்டிருக்கிறேன், ஒரு ஞாயிறு போச்சு.) பழைய பயாஸ் என்பதால் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை வேண்டாம், லெகசி என்ற பழைய முறையில் நிறுவுங்கள்.

கேட்டவர்:
இரண்டாவது வழியே வென்றது! டிஸ்க் மூடியில் ஒரு திருகு மழுங்கியிருந்தது. ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பியதும் வந்துவிட்டது. லினக்ஸ் ஒரு நிமிடத்துக்குள் திறக்கிறது. வைஃபை மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது, அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.